மனுவில் இருந்தது மூன்றா, நான்கா?

ஆசிரியருக்கு,

அரபு நாடுகளின் சிவில் நீதிமன்றங்களை நவீனமாக்க வெளிநாடுகளோடு செய்துகொள்ளும் ஒப்பந்தங்கள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அபுதாபி முசஃபாவில் ஒரு டைப்பிங் சென்டரில் பதினொரு வருடம் மனு அடித்துக் கொடுத்தவன் நான். கணினி, ஆன்லைன் வழக்குப்பதிவு எல்லாம் சரி. கவுன்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிற ஆளுக்கு அதில் என்ன புரிகிறது?

2018-இல் ஒரு ஷட்டரிங் கார்பெண்டர் (கான்கிரீட் ஊற்றப் பலகை அடிக்கிற தச்சர்) வந்தார். நான்கு மாதச் சம்பளம் பாக்கி. அரபியில் அடித்து நீட்டினேன். விரலால் வரிவரியாகத் தடவிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நிறுத்தி, "அண்ணே, மூணுன்னு போட்டிருக்கீங்களே, அதுவும் திருப்பி!" என்றார். அரபி எழுத்தில் 4 என்பது நம் கண்ணுக்குக் கண்ணாடியில் பார்த்த 3 மாதிரி இருக்கும். அந்தப் பக்கம் முழுவதிலும் அவருக்குப் பிடிபட்டது அது ஒன்றுதான், அதுவும் தப்பாக. கால் மணி நேரம் விளக்கிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார். வழக்கு முடியுமுன் விசா முடிந்து ஊருக்குப் போய்விட்டார்.

2019 பிப்ரவரியில் அபுதாபி நீதித்துறை, தொழிலாளர் வழக்குகளில் அரபி, ஆங்கிலத்தோடு இந்தியையும் சேர்த்தது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் நம் ஆட்கள் கேம்பில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், பழகிய இந்தி வாயோடு சரி; படிக்கத் தெரியாது. இந்திப் படிவத்தையும் அதே முழி முழித்துத்தான் பார்த்தார்கள்.

இந்தியாவுக்கும் அமீரகத்துக்கும் 1999-லேயே நீதித்துறை ஒத்துழைப்பு ஒப்பந்தம் உண்டு. ஆனால் அமீரக சிவில் நீதிமன்றங்களின் பணத் தீர்ப்புகளை நம் மாவட்ட நீதிமன்றத்திலேயே நிறைவேற்றலாம் என்ற அறிவிப்பு வர 2020 ஜனவரி ஆகிவிட்டது. அந்தச் செய்தி வந்த வாரம் கடைக்கு வந்தவர்கள் கேட்டதெல்லாம், "ஊருக்குப் போனாலும் பேங்க் கடன் துரத்துமா?" என்பதுதான். சம்பளத் தீர்ப்பு ஊருக்கு வருமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. தீர்ப்பு வரை அங்கே தங்க யாரால் முடிகிறது?

கத்தார் 2017-இல் சர்வதேச தொழிலாளர் அமைப்போடு ஒப்பந்தம் போட்டது. அடுத்த வருடமே சம்பளத் தகராறுகளுக்கு நீதிபதி தலைமையில் குழுக்கள் வந்தன. முதல் அமர்விலிருந்து மூன்று வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இழுத்ததும் உண்டு.

அமீரகத்தோடு அடுத்துப் பேசும்போது நம் அதிகாரிகள் இரண்டைக் கேட்கட்டும். மனுப் படிவம் தமிழிலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் வேண்டும். பாதியில் ஊர் திரும்பியவர், இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில் உட்கார்ந்து காணொளியில் சாட்சி சொல்ல வழி வேண்டும்.

– முன்னாள் டைப்பிங் சென்டர் ஊழியர், அபுதாபி