பின்பக்க உயரம் சொன்னபடி இல்லை, நீங்கள் சொன்னதைச் செய்ததில் ஷாக்கும் போய்விட்டது: காயில்ஓவர் செட் பற்றிய புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஃபோக்ஸ்வேகன் போலோவுக்கு வாங்கிய காயில்ஓவர் செட்டுக்கு (வண்டியின் உயரத்தை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் செட்) பணத்தைத் திரும்பக் கேட்பது, சேதத்துக்கு ஈடு கேட்பது

வணக்கம்.

போனில் பேசியாயிற்று, வாட்ஸப்பில் எழுதியாயிற்று, வீடியோவும் அனுப்பியாயிற்று. கடைசியில் உங்களிடமிருந்து வந்தது ஒரே ஒரு வரி: "ஃபிட்டிங் தவறு, வாரண்டி கிடையாது." அந்த வரியை நான் ஒத்துக்கொள்ளவில்லை. வண்டியில் எந்த போல்ட்டை யார் சொல்லி எவ்வளவு திருப்பினோம் என்பதற்கு என்னிடம் எழுத்தில் ஆதாரம் இருக்கிறது, அதைச் சொன்னவர்கள் நீங்கள். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், தயவுசெய்து விற்பனைப் பிரிவுக்குத் தள்ளிவிடாமல் சஸ்பென்ஷன் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். வண்டி புனே அருகே சாக்கனில் தயாரான பழைய போலோ, 2022-ல் அந்த மாடலையே இங்கே நிறுத்திவிட்டார்கள் என்பதால் இதை இன்னும் பல வருடம் நல்லபடியாக வைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பழைய ஷாக்குகள் தளர்ந்துவிட்டன. ஆழியாரிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போவது பிடிக்கவில்லை. காரைத் தரையோடு தரையாக இறக்கிப் படம் எடுத்துப் போடும் ஆசை எனக்கு இல்லை, குடும்பத்தோடு போகிற வண்டி இது. உங்கள் இணையதளத்தில் இந்த செட்டுக்கு "முன், பின் இரண்டிலும் 25 முதல் 60 மி.மீ. வரை இறக்கலாம்" என்று போட்டிருந்தது. 25 மி.மீ. என்றால் நம் ஊர் சாலைக்குத் தாங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் வாங்கினேன். இந்தியச் சாலைக் குழுமத்தின் வழிகாட்டலில் வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் என்று இருக்கிறது. எங்கள் பகுதியில் அந்த அளவுக்குக் கட்டுப்பட்ட வேகத்தடையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மில்லிமீட்டரும் எனக்கு முக்கியம் என்று ஆர்டர் போடும்போதே உங்கள் விற்பனையாளரிடம் சொன்னேன், அவரும் "கவலைப்படாதீங்க சார், பின்னாடி மேலே வெச்சுக்கலாம்" என்றார்.

செட்டை மாட்டியவர் எனக்குப் பல வருடமாகத் தெரிந்த மெக்கானிக் அண்ணன். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடுகிற வண்டிகளுக்கு சஸ்பென்ஷன் வேலை பார்த்த கை அது. பழைய ஸ்பிரிங்கைக் கழற்றுவதற்கு முன்னாலேயே நான்கு பக்கமும் அளந்து எழுதி வைத்தார். வீல் ஹப்பின் நடுப்புள்ளியிலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு (சக்கரத்துக்கு மேலே உள்ள பாடி வளைவின் ஓரம்) வரை அளந்தார். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று, டயர் தேய்மானம் எல்லாம் அளவில் கலந்துவிடும் என்பதால் அப்படி. ஜாக்கியை இறக்கியதும் டேப்பைப் பிடிக்கவும் இல்லை, வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு சமதளத்தில் நிறுத்தி அளந்தார். கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு மறுபடியும் அளந்தோம். இதையெல்லாம் ஏன் விவரமாக எழுதுகிறேன் என்றால், "நீங்க அளந்த முறை சரியில்லை" என்று உங்கள் ஆள் ஒருமுறை சொல்லிவிட்டார்.

பழைய ஸ்பிரிங்கில் பின்பக்கம் 378 மி.மீ. இருந்தது. உங்கள் செட்டில், பின் அட்ஜஸ்டரை (ஸ்பிரிங் உட்காரும் உயரத்தை மாற்றும் திருகு) அதன் உச்சத்துக்கு, அதாவது இதற்கு மேல் த்ரெட் இல்லை என்கிற இடம்வரை ஏற்றி வைத்த பிறகும், இடது பக்கம் 331, வலது பக்கம் 329. இறக்கம் 47, 49. நீங்கள் விளம்பரத்தில் போட்டது 25. என் பழைய ஸ்பிரிங் தளர்ந்து ஏற்கெனவே கொஞ்சம் இறங்கியிருந்தது என்று வைத்துக்கொண்டால் கம்பெனி உயரத்தோடு ஒப்பிடும்போது இந்த வித்தியாசம் இன்னும் அதிகமாகத்தான் வரும், குறையாது. முன்பக்கம் சொன்னபடி 30-ல் சரியாக நிற்கிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முன்பக்கம் 30, பின்பக்கம் 48 என்றால் வண்டி வாலைத் தாழ்த்திக்கொண்டு நிற்கிறது. பின்னால் மூன்று பேர் உட்கார்ந்தால் ஹெட்லைட் மேலே தூக்கிக்கொள்கிறது, பொள்ளாச்சி ரோட்டில் இரவில் எதிரே வருகிறவர்கள் கண் கூசி டிப்பர் அடிக்கிறார்கள். டயர் வீல் ஆர்ச் உள்பக்கம் உரசுகிறது. டயர் அளவை மாற்றினீர்களா என்று கேட்காதீர்கள், கம்பெனி அளவான 185/60 ஆர்15 தான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தப் பிரச்சினையைச் சொன்னபோது உங்கள் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து வாட்ஸப்பில் வந்த பதில் இது: "பின் ஷாக்கின் கீழ் பிராக்கெட்டைத் திருப்பி 20 மி.மீ. நீளமாக்குங்கள், வண்டி 20 மி.மீ. ஏறிவிடும். ஸ்பிரிங் அட்ஜஸ்டரைத் தொட வேண்டாம், ப்ரீலோடு மாறி வண்டி கடினமாகிவிடும்." (ப்ரீலோடு என்றால் ஸ்பிரிங் முன்கூட்டியே அமுங்கி நிற்கும் அளவு.) போலோவின் முன்பக்கத்துக்கு இதில் முதல் வாக்கியம் பொருந்தும். அங்கே ஸ்பிரிங் ஷாக்கைச் சுற்றியே உட்கார்ந்திருக்கிறது, வண்டியின் பாரம் ஷாக்கின் உடல் வழியாகத்தான் கீழே இறங்குகிறது, கீழ் பிராக்கெட்டைத் திருப்பினால் மொத்த நீளம் மாறி உயரமும் மாறும். பின்பக்கம் அப்படி இல்லையே. பின்பக்கம் டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே குறுக்குச் சட்டம். ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங் மட்டும்தான், ஷாக் அதன் பக்கத்தில் நின்று ஆட்டத்தை அடக்குகிறது. ஷாக்கை நீளமாக்கினால் வண்டி எப்படி ஏறும்?

அண்ணன் இதையே உங்கள் ஆளிடம் ஸ்பீக்கரில் கேட்டார், நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். "இதில் ஸ்பிரிங் தனியாக இருக்கிறதே தம்பி, ஷாக் நீளத்துக்கும் உயரத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். அதற்கு வந்த பதில், எங்கள் செட்டின் வடிவமைப்பு வேறு, நாங்கள் சொல்கிறபடி செய்யாவிட்டால் வாரண்டி போய்விடும் என்பது. அப்புறம் அதையே எழுத்திலும் அனுப்பினார்கள். அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய பொருளுக்கு, தயாரித்த கம்பெனியே வாரண்டியைக் காட்டி இப்படிச் சொன்னால் வாடிக்கையாளர் என்ன செய்வார்? சொன்னபடி செய்தோம்.

உயரம் ஒரு மில்லிமீட்டர்கூட ஏறவில்லை. மாறியது வேறொன்று. வண்டி அதே உயரத்தில் நிற்க, ஷாக்கின் உடல் 20 மி.மீ. மேலே போய்விட்டது, அதனால் உள்ளே இருக்கும் பிஸ்டன் அந்த அளவுக்கு அடிப்பக்கம் நெருங்கிவிட்டது. பள்ளத்தில் விழும்போது அமுங்குவதற்கு ஷாக்கிடம் மிச்சம் இருந்த இடத்தில் அதே 20 மி.மீ. குறைந்துபோனது. ஏற்கெனவே 48 மி.மீ. இறங்கி நிற்கிற வண்டியில் இதையும் செய்தால் பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுதாக அமுங்கும்போது அடியைத் தாங்கும் மெத்தைத் தடுப்பு) எத்தனை நாள் தாங்கும்? பின்னால் ஆள் ஏறியதும் ஒவ்வொரு பள்ளத்திலும் முதுகில் குத்துவதுபோல 'டங்' என்று அடித்தது. என் அம்மாவுக்கு இடுப்பு வலி உண்டு, அவர் பின்சீட்டில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சீக்கிரமே வலது பின் ஷாக்கில் எண்ணெய் கசிந்தது. கழற்றிப் பார்த்தபோது பம்ப் ஸ்டாப் நசுங்கிப் பிளந்திருந்தது, தண்டு முழுக்க எண்ணெயில் புழுதி ஒட்டிக் கறுப்புப் பசையாக இருந்தது, கையால் அழுத்தினால் பாதித் தூரம் எந்த எதிர்ப்பும் இல்லாமல் உள்ளே போனது.

ப்ரீலோடு பற்றி உங்கள் ஆள் சொன்னதும் தவறு. தனி ஸ்பிரிங் உள்ள பின்பக்கத்தில் அட்ஜஸ்டரை ஏற்றினால் வண்டி மேலே ஏறும், அவ்வளவுதான். ஸ்பிரிங் மேல் நிற்கிற எடை மாறவில்லை, அதனால் ஸ்பிரிங் அமுங்குகிற அளவும் மாறாது. இன்னொன்றையும் நீங்கள் எங்கேயும் சொல்லவில்லை. இந்த பீமில் ஸ்பிரிங், பீம் திரும்புகிற புஷ்ஷுக்கும் (பீமை வண்டியோடு இணைக்கும் மூட்டு) சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிறது. அதனால் அட்ஜஸ்டரில் 10 மி.மீ. மாற்றினால் ஃபெண்டரில் 10-க்கு மேல் மாறும். உங்கள் பின் அட்ஜஸ்டரோ ஸ்பிரிங்கோ தேவைக்கு ஒரு சென்டிமீட்டர் குட்டையாக இருந்தால் போதும், வண்டி அதைவிட அதிகமாக இறங்கி நிற்கும். என் வண்டியில் நடந்திருப்பது இதுதான் என்பது அண்ணனின் கணிப்பு. ஒன்று வேறு வண்டிக்கான ஸ்பிரிங்கைப் பெட்டியில் போட்டிருக்கிறீர்கள், அல்லது இந்த வண்டியில் மாட்டிப் பார்க்காமலேயே 25 மி.மீ. என்று அச்சடித்திருக்கிறீர்கள். எது உண்மை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அட்ஜஸ்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "கழற்றாமலேயே உயரம் மாற்றலாம்" என்று போட்டிருக்கிறீர்கள். பின்பக்கம் அது நடக்காது. ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி, பீமை மெதுவாக இறக்கி, ஸ்பிரிங்கை வெளியே எடுத்த பிறகுதான் அட்ஜஸ்டரில் கை வைக்க முடிகிறது. சரி, அந்த வேலைக்குக்கூட நான் தயார். ஆனால் ஒரு மழைக்காலம்கூட முழுதாகப் பார்க்காத அட்ஜஸ்டரில், த்ரெட்டைப் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, நீங்கள் கொடுத்த சி ஸ்பானரையே போட்டு லாக் ரிங்கைத் திருப்பியபோது, அலுமினியம் மெல்லிய வெள்ளிக் கம்பிபோலச் சுருண்டு த்ரெட்டிலிருந்து உரிந்து வந்தது. அந்தச் சுருளை எடுத்து ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். இனி அந்த ரிங் ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது.

டயர் உரசலுக்கு உங்கள் இன்னொரு ஆள் சொன்ன தீர்வு, பின் சக்கரத்துக்கு அலைன்மென்ட் பாருங்கள் என்பது. அலைன்மென்ட் கடைக்காரர் வண்டியை லிஃப்டில் ஏற்றி எனக்குக் காட்டினார். டார்ஷன் பீமில் டோவும் கேம்பரும் (சக்கரம் பார்க்கும் திசையும் அதன் சாய்வும்) மாற்றுவதற்குத் திருப்பக்கூடிய போல்ட்டே கிடையாது. போலோவுக்கு என்று செட் விற்கிற கம்பெனிக்கு இது தெரியாமல் இருக்கலாமா?

பெட்டியில் இருந்த வழிகாட்டி ஒரே ஒரு தாள். அதில் இருக்கும் படங்கள் எல்லாம் முன்பக்க ஷாக்குக்கு. பின்பக்கத்தைப் பற்றி "இதேபோல் செய்யவும்" என்று ஒரு வரி. இதேபோல் செய்யக்கூடாது என்பதுதான் இந்தக் கடிதம் முழுக்க நான் சொல்வது. ஷாக் வேலை செய்யாத ஒரு சக்கரம் மேடுபள்ளத்தில் துள்ளும், துள்ளுகிற நேரத்தில் அதற்குச் சாலையில் பிடி இருக்காது. மலைப்பாதையில் மழை நாளில் அப்படி ஆனால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இதே செட்டை வாங்கி, இதே பதிலை உங்களிடம் கேட்டு, இதே மாதிரி ஷாக்கை நீளமாக்கி ஓட்டிக்கொண்டிருக்கிற மற்றவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

நான் கேட்பது இவைதான். செட்டுக்குக் கொடுத்த முழுப் பணமும் வேண்டும், மாற்று ஸ்பிரிங் அனுப்புகிறேன் என்பதை இனி ஏற்க மாட்டேன், இந்தப் பொருளின் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. உரசிப் பாழான இரண்டு பின் டயர்களுக்கும், மாட்டிக் கழற்றிய கூலிக்கும் ரசீது இணைத்திருக்கிறேன், அந்தத் தொகையும் வேண்டும். அதோடு, இந்த செட்டை வாங்கிய எல்லாப் போலோக்காரர்களுக்கும், பின் ஷாக்கின் நீளத்தை வைத்து உயரத்தை மாற்றாதீர்கள் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பணம் வருவது தாமதமானாலும் இதை உடனே செய்யுங்கள்.

15 நாள் பார்ப்பேன். சரியான பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 84-ஐ உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள். பொருளைச் சரியாகப் பயன்படுத்தப் போதிய வழிகாட்டலோ எச்சரிக்கையோ கொடுக்காத தயாரிப்பாளர், அதனால் வரும் சேதத்துக்குப் பொறுப்பு என்று அதில் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு ஆணையத்தில் கட்டணமும் இல்லை.

அளவு எழுதிய தாளின் படம், வாட்ஸப் உரையாடல், ரசீதுகள், கசிந்த ஷாக்கின் வீடியோ எல்லாம் இணைப்பில் உள்ளன. இப்போது வண்டியில் பழைய ஸ்பிரிங்கும் புதிதாக வாங்கிய சாதாரண ஷாக்கும்தான் இருக்கின்றன. உங்கள் செட் அப்படியே அண்ணனின் பட்டறையில் இருக்கிறது, எதையும் தூக்கிப் போடவில்லை. ஆள் அனுப்புவதானால் ஒரு நாள் முன்னால் சொல்லிவிட்டு அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை பட்டறை விடுமுறை.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்