சுவரைப் படித்துக் காட்டியவர்களுக்கு

அன்புடையீர்,

ஆழ்வார்குறிச்சியில் எங்கள் தாத்தாவின் ஓட்டு வீட்டு மராமத்து வேலை முடிந்து, பாலும் காய்ச்சியாயிற்று. பந்தி பரிமாறும் அவசரத்தில் அன்று சொல்லாமல் விட்ட நன்றியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கொத்தனார் அண்ணாச்சி. பட்டாசலின் (முன்கூடத்தின்) மேற்குச் சுவரில் பழைய பூச்சைக் கொத்திக்கொண்டிருந்தவர் உளியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கீழே மண் சாந்தில் வைத்த சிறிய செங்கல். மேலே சுண்ணாம்புச் சாந்தில் பெரிய செங்கல். நடுவே சரிந்து ஏறும் ஒரு கோடு, அதன் கீழே புகை படிந்த கறுப்பு. "இது கூரை வீடாக இருந்திருக்கிறது, தம்பி. ஓடு போடத்தான் சுவரை உயர்த்தியிருக்கிறார்கள்" என்றார். ஓலைக்கூரையில் மழைநீர் தங்காமல் வடிய நல்ல சரிவு வேண்டும். ஓட்டுக்கு அவ்வளவு வேண்டாம். கோட்டின் சரிவை வைத்தே அவர் கண்டுகொண்டார். நான் படம் எடுத்து, அளந்து, வரைந்து முடிக்கும்வரை அந்தச் சுவரை யாரையும் தொட விடவில்லை. வேலை நின்றுபோன அரை நாளைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர் கொத்திக்கொண்டே போயிருந்தால் எனக்கு எதுவுமே தெரிந்திருக்காது.

தலைவாசல் நிலையில் ஏறியிருந்த பெயின்டை ஆசாரி பொறுமையாகச் சுரண்டி எடுத்தபோது ‘௲௮௰௧ தை’ என்ற எழுத்துகள் தெரிந்தன. தெருக்கோடியில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா வந்து பார்த்து, கொல்லம் ஆண்டு 1081 என்று படித்துச் சொன்னார். எங்கள் பக்கத்தில் அப்போது வழங்கிய ஆண்டுக்கணக்கு அது. ஆங்கிலக் கணக்கில் 1906-ஆம் ஆண்டின் தொடக்கம். திருநெல்வேலிக்கும் கொல்லத்துக்கும் ரயில் ஓடத் தொடங்கியது 1904-இல். மேற்குக் கடற்கரையில் செய்த ஓடு அந்த ரயிலில்தான் எங்கள் ஊருக்கு வந்து இறங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

கூரை வீடு என்பதற்கு எழுத்துச் சான்றைத் தந்தவர் அடுத்த வீட்டு ஆச்சி. டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து தம் வீட்டுப் பழைய கிரயப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தார். கொல்லம் 1068-இல், அதாவது 1892-93-இல் எழுதியது. அதில் நான்கெல்லை சொல்லும் இடத்தில், எங்கள் பூட்டனார் பெயரோடு ‘கூரை வீட்டுக்குக் கிழக்கு’ என்று இருக்கிறது. எங்கள் வீட்டின் பிறப்பு அடுத்த வீட்டுப் பத்திரத்தில் இருந்ததை நினைத்தால் இன்னும் மனம் நெகிழ்கிறது.

பாளையங்கோட்டையிலிருந்து வந்த கட்டடக்கலை மாணவிகள் இருவருக்கும் நன்றி. பழைய வீட்டில் எந்த மூலையும் சரியான மூலை மட்டத்தில் இருக்காது, மூலைக்கு மூலை குறுக்கே அளந்தால்தான் வரைபடம் பொருந்தும் என்று கற்றுத் தந்தவர்கள் அவர்கள்தான்.

ஓர் இழப்பையும் சொல்ல வேண்டும். முதல் நாளே அடுக்களைச் சுவரைச் சுரண்டச் சொல்லிவிட்டேன். பாட்டி பால் கணக்குக்குப் போட்டு வைத்த கரிக்கோடுகள் அதில் போய்விட்டன. படம் எடுக்கவில்லை. அவை இருந்த இடத்தையும் வரிசையையும் சித்தி நினைவிலிருந்து சொல்லி எழுத வைத்தார். அந்த ஒரு பக்கத்துக்காக அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

மேற்குச் சுவரில் கோடு ஓடும் இடத்தை மட்டும் பூசாமல் விட்டிருக்கிறோம். படங்களும் அளவுகளும் அடங்கிய நோட்டின் நகல் ஆச்சியிடம் இருக்கிறது. நம் தெருவில் அடுத்து வீட்டைப் பிரித்து மராமத்து செய்பவர்கள், பூச்சைக் கொத்துவதற்கு முன் அதை வாங்கிப் பார்க்க வேண்டுகிறேன்.

நன்றியுடன்,
மேற்கு வீட்டுப் பேரன்