பையில் பாதியை எடுத்து வெளியே வை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தேன். கூடாரம், மடக்கு நாற்காலி, சோலார் சார்ஜர், காபி ஃபில்டர். நீ வேளாங்கண்ணிக்கு நடக்கப் போகிறாயா, வீடு மாறப் போகிறாயா? உன் அப்பாவிடம் காட்டினேன். "கட்டில் மட்டும் விட்டுப்போச்சு, அதையும் சேர்த்துக்கச் சொல்லு" என்றார். கோபித்துக்கொள்ளாதே. போனில் பேச ஆரம்பித்தால் உனக்கு நடுவில் ஆபீஸ் கால் வந்துவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இந்த வருஷம் நான் வரவில்லை. முட்டி தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார், நானும் வாதாடவில்லை. வேனில் உட்கார்ந்தாவது வா என்கிறாய். நடந்து போன ரோட்டில் உட்கார்ந்து போக எனக்கு மனசு வரவில்லை. அதை அத்தோடு விட்டுவிடு. நீ என்ன வேண்டிக்கொண்டிருக்கிறாய் என்று நானும் கேட்க மாட்டேன்.

காசிமேட்டில் இருந்து வேளாங்கண்ணி 300 கிலோமீட்டருக்கு மேல். ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரை ரோட்டைப் பிடித்து மாமல்லபுரம், கல்பாக்கம், மரக்காணம், புதுச்சேரி. அப்புறம் கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம். ஆகஸ்ட் 29 சாயங்காலம் கொடியேற்றம். அதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்பதால், ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்துப் பின்னாலிருந்து எண்ணித்தான் குழு கிளம்பும் தேதியை வைக்கிறார்கள். பத்துப் பதினொரு நாள் ஆகும். விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பிவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் பாதிக்கு மேல் நடந்துவிட வேண்டும், மத்தியானம் படுக்கை, வெயில் தாழ்ந்ததும் மறுபடி நடை. கொடியேற்றம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடு. செப்டம்பர் 8 பெருநாள் வரைக்கும் தங்க உனக்கு லீவும் கிடைக்காது, அங்கே ரூமும் கிடைக்காது.

இப்போது கால் விஷயம். உன் பட்டியலில் பேட்டரிக்கே ஆறு வரி இருக்கிறது, காலுக்கு ஒரே வரி: "வெறுங்கால்". அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் வரவில்லை. ஆகஸ்ட் மாதத்துத் தார் ரோடு பதினொரு மணிக்கு எப்படி இருக்கும் என்று மொட்டை மாடியில் வடாம் போட்டவளுக்குத் தெரியும். நம் தெருவில் வெறுங்காலோடு நடக்கிற அக்காமார்கள் சின்ன வயசிலிருந்தே மணலிலும் கருங்கல்லிலும் செருப்பில்லாமல் திரிந்தவர்கள். உன் கால் ஏசி ஆபீஸ் கால். செருப்பு போட்டு வந்தவளின் ஜெபத்தை மாதா தனியாக எடுத்து வைப்பாள் என்று நான் நம்பவில்லை. ரொம்ப ஆசையாக இருந்தால் நாகப்பட்டினம் தாண்டியதும் கழற்றிக்கொள், அங்கிருந்து 12 கிலோமீட்டர்தான், அதுவும் இருட்டோடு நடந்தால். கோயிலில் இருந்து மாதா குளம் போகிற மணல் பாதையில் முழங்காலில் போகிறவர்களும் இருக்கிறார்கள். வேண்டுதலைக் கடினமாக்கிக்கொள்ள அங்கே வேண்டிய இடம் இருக்கிறது, மரக்காணத்திலேயே தொடங்க வேண்டாம்.

ஷூ வாங்குவதென்றால் இந்த வாரமே வாங்கு. சாயங்காலம் போ, அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். நடக்க நடக்க இன்னும் வீங்கும். விரல் நுனிக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். பழைய ஷூ நன்றாக இருந்தால் புதிது வாங்கவே வேண்டாம். கிளம்பும் அன்றைக்குப் பெட்டியைப் பிரித்துப் புது ஷூ போட்டு வருகிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் இருக்கிறார்கள், மாமல்லபுரத்தில் அவர்களைப் பார்க்க வேண்டும். கூடவே பின்வார் வைத்த சாண்டல் ஒன்று. காலை ஷூ, சாயங்காலம் சாண்டல் என்று மாற்றினால் ஒரே இடத்தில் உரசாது. சாக்ஸ் மூன்று ஜோடி போதும், மத்தியானம் கட்டாயம் மாற்று. நகத்தை ஒரு வாரம் முன்னாலேயே நேராக வெட்டிவிடு.

காலையில் கிளம்புவதற்கு முன் விரல் இடுக்கிலும் குதிகாலிலும் வாஸ்லின் தடவு. நடக்கும்போது ஒரு இடம் சுருசுருவென்று எரிந்தால் அங்கேயே நின்று டேப் ஒட்டு. குழு போகிறதே, நம்மால் தாமதமாகிறதே என்று வெட்கப்பட்டு இன்னும் இரண்டு கிலோமீட்டர் இழுத்தால் அது கொப்புளமாகிவிடும், அப்புறம் இரண்டு நாள் நொண்டுவாய். வந்தே விட்டால், சின்னதை உடைக்காமல் மூடிவை. பெரிதாகி வலித்தால் மட்டும் காலையும் கையையும் கழுவி, சுத்தம் செய்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்துவிட்டு மருந்து போட்டு ஒட்டு. மேல்தோலைப் பிய்க்காதே. ராத்திரி வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊறவைக்கச் சொல்லி எல்லோரும் வருவார்கள், உன் பெரியம்மா முதல் ஆளாக வருவாள். ஊறின தோல் மறுநாள் சீக்கிரம் உரியும். பச்சைத் தண்ணீரில் கழுவித் துடைத்து, சுவரில் காலைத் தூக்கி வைத்துக் கொஞ்ச நேரம் படு.

நடைப் பயிற்சி செய்கிறேன் என்கிறாய், நல்லது. ஆனால் பெங்களூரு ஏரியைச் சுற்றி எத்தனை ரவுண்டு வந்தாலும் நம் ஊர்ப் புழுக்கத்துக்கு உடம்பு பழகாது. வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் வேண்டும். ஆகஸ்ட் தொடக்கத்திலேயே இங்கே வந்துவிடு, இங்கிருந்து லேப்டாப்பில் வேலை பார். நாலு மணிக்கு அப்பா உன்னைத் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் வரைக்கும் கூட்டிப் போய்த் திருப்பிக் கூட்டி வருவார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் சேர்ந்தாற்போல நீளமாக நட; முதல் நாள் யார் வேண்டுமானாலும் நடப்பார்கள், மறுநாள் வலிக்கிற காலோடு எழுந்து நடப்பதுதான் விஷயம். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிக்குப் பக்கத்தில் நடந்து பழகினால் ஈசிஆரில் நிதானம் தவறாது.

அந்த ரோட்டைப் பற்றி எனக்கு உண்மையிலேயே பயம் உண்டு. இருட்டில் நடக்கும்போது வலது ஓரமாக, எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரிகிற பக்கமாக, ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். பாட்டு, ஜெபமாலை எல்லாம் வாயால் சொல்லு. காதில் எதையும் மாட்டாதே. துறைமுகத்தில் போடுகிற ஒளிரும் ஜாக்கெட் ஒன்றை அப்பா வாங்கி வைத்துவிட்டார். காவி உடைக்கு மேல் அசிங்கமாக இருக்கும் என்று சொன்னாய். இருக்கட்டும்.

காவி என்றதும் நினைவுக்கு வருகிறது. துணியை எம்.சி. ரோட்டில் நானே எடுத்துத் தைக்கக் கொடுக்கிறேன், நீ ஆன்லைனில் போடாதே. சுடிதார் மூன்று செட். முழுப் பருத்தி வேண்டாம், வேர்வையைக் குடித்துவிட்டு விடியும்வரை ஈரமாகவே கிடக்கும். கலப்புத் துணி ராத்திரிக்குள் காய்ந்துவிடும். புதுக் காவியை இரண்டு தடவை தண்ணீரில் அலசித்தான் உனக்குத் தருவேன், இல்லாவிட்டால் சாயம் உள்ளாடை வரைக்கும் இறங்கும். புடவை கட்டி நடக்கிற ஆசை வேண்டாம். பாவாடை நாடா இடுப்பை அறுக்கும் வலி கொப்புளத்தை விட மோசம். தொடை உரசாமல் இருக்க உள்ளே முட்டி வரை நீளமாக ஒன்று போட்டுக்கொள், அங்கேயும் வாஸ்லின்தான்.

பை இரண்டு. பெரியது வேனில் போகும்: துணி, போர்வை, பாய், கொசுவத்தி, நைலான் கயிறு. துணிகளைத் தடியான பாலித்தீன் கவரில் கட்டு. ஆகஸ்ட் மாதம் சாயங்கால மழை சொல்லாமல் வரும். சின்னது உன் தோளில். வேன் எங்காவது மாட்டிக்கொண்டு ராத்திரி பத்து மணிக்குத்தான் வரும் நாள் ஒன்று நிச்சயம் இருக்கும். அதனால் மாத்திரை, ஒரு மாற்றுத் துணி, டார்ச், பவர் பேங்க், துண்டு, ஆதார் நகல், பத்து இருபது ரூபாய் நோட்டுகள், தண்ணீர் பாட்டில் இதெல்லாம் தோளிலேயே இருக்கட்டும். ஊக்கு ஒரு அட்டை வைத்துக்கொள். ஈர சாக்ஸைப் பையின் முதுகில் குத்திக்கொண்டு நடந்தால் வெயிலில் காய்ந்துவிடும்.

தண்ணீரை நாக்கு வறண்ட பிறகு குடிக்காதே, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே நட. ஓஆர்எஸ் பவுடர் வாங்கு, பெட்டியில் ஜூஸ் மாதிரி விற்பதை அல்ல. பாக்கெட்டில் போட்ட அளவுத் தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும். பாதி பாதியாகப் பிரிக்காதே. கிடைக்காத இடத்தில் 1 லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் போதும். கால் வலிக்கிறது என்று வெறும் வயிற்றில், தண்ணீரும் குடிக்காமல், வலி மாத்திரையாக விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது கிட்னிக்குக் கேடு.

தண்ணீர் குடித்தால் பாத்ரூம் தேட வேண்டுமே என்று பெண்கள் குடிக்காமலேயே நடப்பார்கள். நீ அப்படிச் செய்யாதே. பெட்ரோல் பங்க், கோயில் வளாகம், கல்யாண மண்டபம் எது வந்தாலும் தேவை இருக்கிறதோ இல்லையோ போய்விட்டு வா, இரண்டு பேராகப் போ. தேதி நடுவில் வந்தால் வரட்டும். அதற்காக டாக்டரைக் கேட்காமல் தள்ளிப்போடுகிற மாத்திரை சாப்பிடாதே. இந்த நேரத்தில் மாதா சொரூபத்தின் பக்கம் வரலாமா என்று யாராவது இழுத்தால், மாதாவும் ஒரு பெண்தான் என்று நான் சொன்னதாகச் சொல்.

இனி, ஏன் இவ்வளவையும் குறைக்கச் சொல்கிறேன் என்று கேட்பாய். சுமைக்காக மட்டும் இல்லை. அடுப்பு, பாத்திரம், டின் சாப்பாடு என்று நீ எழுதியிருப்பதைப் பார்த்தால், பத்து நாளும் யாரிடமும் எதுவும் வாங்காமல் போய்ச் சேர வேண்டும் என்று நினைக்கிறாய் போலிருக்கிறது. உன் சுபாவம் அப்படி, ஒரு டீக்குக் கூட நீதான் காசு கொடுக்க வேண்டும். அந்த ரோட்டில் அது நடக்காது. ஊருக்கு ஊர் வாசலில் மேசை போட்டு மோர், தர்பூசணி, எலுமிச்சைச் சாதம் என்று நிற்பார்கள். இந்து வீடு, முஸ்லிம் வீடு எல்லாம் உண்டு. ஒரு கிழவி சொம்போடு ரோட்டுக்கு வந்து உன் கையைப் பிடிப்பாள். "பரவாயில்லை பாட்டி, என்கிட்ட இருக்கு" என்று தண்ணீர் பாட்டிலைக் காட்டாதே. வேளாங்கண்ணி நடுத்திட்டில் கால் ஊனமுற்ற பையன் மோர் விற்றுக்கொண்டிருந்த கதை உனக்குத் தெரியும். மாதா குழந்தைக்கு மோர் வேண்டும் என்று அவனிடம் கேட்டு வாங்கினாள். வாங்கிய பிறகுதான் அவன் எழுந்து நாகப்பட்டினத்துக்குப் போனான். கேட்டது அவள், கொடுத்தது அந்தப் பையன். நீயும் கை நீட்டி வாங்கு. கடலை மிட்டாயும் பேரீச்சம்பழமும் மட்டும் எடுத்துக்கொள், அதுவும் பக்கத்தில் நடக்கிற பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு.

காவி போட்ட நாளிலிருந்து நம் வீட்டில் மீன் கிடையாது என்று அப்பாவிடம் சொல்லியாயிற்று. காசிமேட்டில் உட்கார்ந்துகொண்டு மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான் என்கிறார். கொடியேற்றம் முடிந்து வேண்டுதலையும் செலுத்தியதும் வேளாங்கண்ணிக் கடற்கரைக் கடையில் வறுத்த மீன் வாங்கித் தின்னு, அதில் ஒரு தப்பும் இல்லை.

திரும்பி வர டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு. விழாவுக்குச் சிறப்பு ரயிலும் பஸ்ஸும் விடுவார்கள், ஆனால் அந்தக் கூட்டத்தில் நொண்டிக்கொண்டு உன்னால் இடம் பிடிக்க முடியாது. பெங்களூருவில் இருந்து இங்கே வரும்போது பெரம்பூரில் நிற்கிற ரயிலாகப் பார். அப்பா வண்டியோடு வந்து நிற்பார். ஒரே ஒரு பையோடு இறங்கினால் பின்னால் உட்கார வைத்துக்கொள்வாராம், இரண்டாவது பை இருந்தால் அதை நீ ஆட்டோ பிடித்துக் கொண்டு வர வேண்டுமாம்.

மரியே வாழ்க.

அன்புடன்,
அம்மா
காசிமேடு