மதினியின் ஆபரேஷன் பற்றி

பாளையங்கோட்டை

அன்புள்ள மக்கா,

கடுதாசி கிடைத்தது. பிசானத்துக்கு நாற்று பாவியாச்சு என்று வாசித்ததும் மனசு நிறைந்தது. இங்கே எல்லாரும் சுகம்.

மதினிக்கு இதயத்தில் மைட்ரல் வால்வு மாற்றணும் என்று எழுதியிருந்தாய். இதயத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை நீ. "முழிச்சதும் எங்களையெல்லாம் அடையாளம் தெரியுமாடே?" என்றுதான் கேட்டிருந்தாய். ஹார்ட்-லங் மெஷின் பக்கத்திலேயே காலம் கழித்தவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இதயத்தை நிறுத்தி வைத்திருக்கிற நேரம் முழுக்க மூளைக்கு ரத்தம் அனுப்புவது அந்த மெஷின்தான். ஆக்சிஜன் போனால் போதும் என்று வெளியே நினைப்பார்கள். நாங்கள் அதே கவனத்தோடு பார்ப்பது கார்பன் டை ஆக்சைடை. அது கூடினால் மூளையின் ரத்தக்குழாய் விரியும், குறைந்தால் சுருங்கும். ரத்தத்தில் அதன் அழுத்தம் பாதரச அளவில் 1 மில்லிமீட்டர் மாறினாலே மூளைக்குப் போகிற ரத்தம் ஏறக்குறைய 3, 4 சதவீதம் மாறிவிடும். உனக்கு மடை தெரியும்: ரொம்ப அடைத்தால் கடைசி வயல் காயும், ரொம்பத் திறந்தால் குப்பையும் சேர்ந்து வரும். ரத்தத்தில் குப்பை என்பது காற்றுக்குமிழி, கொழுப்பு, சுண்ணாம்புத் துகள். அதனால் அந்த அழுத்தத்தை 40 மில்லிமீட்டரை ஒட்டியே வைப்போம். மெஷினில் நுரையீரல் வேலையைச் செய்கிற பகுதி ஆக்சிஜனேட்டர்; அதற்குள் போகிற வாயுவைக் கூட்டினால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், குறைத்தால் தங்கும். ப்ளட் கேஸ், அதாவது ரத்தத்தில் இருக்கிற வாயுக்களின் அளவு, பார்த்துப் பார்த்து அதைத் திருகுவது எங்கள் வேலை.

உடம்பைக் குளிரவைத்தால் கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தில் அதிகம் கரையும், கணக்கு மாறும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஆல்ஃபா-ஸ்டாட் முறை: 37 டிகிரியில் அளந்த எண்ணையே பிடித்துக்கொள்வது. மூளை தன் ரத்த ஓட்டத்தைத் தானே சீர்செய்கிற திறன் கெடாது. பச்சைக் குழந்தைகளை ரொம்பக் குளிரவைக்கும்போது பல இடங்களில் பிஎச்-ஸ்டாட் முறை வைத்து, குளிருக்குத் தக்கபடி எண்ணைத் திருத்தி, கார்பன் டை ஆக்சைடைக் கூட்டிவிடுவார்கள்; மூளை சீராகக் குளிரும். ஒரே வாயுதான், வயசுக்குத் தக்க வேறு கணக்கு! இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு இது ஆச்சரியம்தான்.

இதயத்தைத் திறந்ததும் உள்ளே காற்று புகும். காற்றில் பெரும்பங்கு நைட்ரஜன், லேசில் கரையாது. அதனால் பல சர்ஜன்கள் சின்னக் குழாய் வைத்து நெஞ்சுக்குள் கார்பன் டை ஆக்சைடைப் பாய்ச்சுவார்கள். அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கீழே தங்கிக் காற்றை வெளியே தள்ளும். குமிழியாகவே போனாலும் சீக்கிரம் கரைந்துவிடும்.

நெற்றியில் இரண்டு பட்டை ஒட்டினால் மூளையின் ஆக்சிஜன் எண் திரையில் ஓடும். எண் சரிந்தால் கழுத்து திரும்பியிருக்கா, பிரஷர் விழுந்ததா, கார்பன் டை ஆக்சைடு இறங்கியதா என்று பார்ப்போம். அந்த வாயுவைச் சரிசெய்ததுமே எண் மெல்ல ஏறுவதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆபத்தே இல்லை என்று உன்னிடம் சொல்லமாட்டேன். சிலருக்குப் பக்கவாதம் வந்துவிடுகிறது. முதல் சில நாள் மதினி குழம்பிப் பேசலாம், பெரும்பாலும் தெளிந்துவிடும்; பயந்துவிடாதே. ஐசியூவில் மூக்குக்கண்ணாடியைப் போட்டுவிடச் சொல், உன் குரலைக் கேட்க விடு. முன்னே எப்பவாவது கை மரத்திருந்தால், வாய் கோணியிருந்தால் சர்ஜனிடம் மறைக்காமல் சொல். கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேன் வேணுமா என்றும் கேள்.

தேதி குறித்ததும் போன் போடு. அன்றைக்கு நானும் வருகிறேன்.

உன் சிநேகிதன்