சேகருக்கு, மளிகை சமாசாரம்

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பெரியவளுக்கு வளைகாப்பு, வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள், அதனால்தான் தாமதம், திட்டாதே. பெங்களூரை ஒருவழியாக மூட்டை கட்டிவிட்டு நீ மடிப்பாக்கம் வந்து சேர்ந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். மழை வருவதற்குள் வண்டியை நிறுத்த ஒரு மேடான இடம் பார்த்து வைத்துக்கொள், அதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். வாராவாரம் சாமான் வாங்க டிமார்ட்டா, ரிலையன்ஸ் ஸ்மார்ட்டா, எது மலிவு என்று கேட்டிருக்கிறாய். உன் கேள்வியில் அந்த ‘வாராவாரம்’தான்டா இடிக்கிறது.

நாங்களும் அப்படித்தான் இருந்தோம். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் குடும்பத்தோடு கிளம்பிவிடுவது, ஏசி, தள்ளுவண்டி, திரும்பும்போது ஒரு பானிபூரி. வசந்தி பில்லையெல்லாம் கேஸ் புத்தகத்துக்குள் செருகி வைப்பாள். ஒரு நாள் மூன்று மாத பில்லையும் எடுத்துத் தரையில் பரப்பி உட்கார்ந்து பார்த்தேன். பருப்பு, சோப்பு, டீத்தூள் எல்லாவற்றிலும் தள்ளுபடி நிஜமாகவே கிடைத்திருக்கிறது, அதில் குறையே இல்லை. ஆனால் எழுதிக்கொண்டு போகாத சாமான் ஒவ்வொரு பில்லிலும் ஆறேழு. மூடி போட்ட டப்பா மட்டும் பதினொன்று! அதில் எதைப் போட்டு வைப்பது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

டிமார்ட் மலிவாகக் கொடுப்பது சும்மா இல்லை. பெரும்பாலும் சொந்தக் கட்டடம், வாடகைச் சுமை கிடையாது, சரக்கு கொடுக்கிறவனுக்குச் சீக்கிரம் பணம் கொடுத்து விலையைக் குறைத்து வாங்குகிறார்கள். 2002-ல் மும்பை பவாயில் ஆரம்பித்து நிதானமாகத்தான் கடை கடையாகச் சேர்த்தார்கள். இதை எழுதும்போது நம்ம சுபிக்ஷா ஞாபகம் வருகிறதா? 1997-ல் திருவான்மியூரில்தானே முதல் கடை. ஏசியும் கிடையாது ஒன்றும் கிடையாது, நம் ரூமுக்கு நாலு பேரும் காசு போட்டு ரவையும் ஊறுகாயும் வாங்கி வருவோமே. அப்புறம் நாடு முழுக்கப் பரப்பி, 1,600 கடை வரைக்கும் போய், 2009-ல் கையில் பணம் இல்லாமல் எல்லாவற்றையும் மூடும்படி ஆகிவிட்டது. அந்தக் கடை மூடினபோது நீ போன் பண்ணி வருத்தப்பட்டது நினைவிருக்கிறது.

இப்போது நாங்கள் மாதத்துக்கு ஒரு தடவைதான் போகிறோம். நம்ம அம்மாக்கள் எழுதின மாதிரியே துண்டுச்சீட்டில் மாசச் சாமான் லிஸ்ட். அதுவும் முதல் வாரம் போகாதே, சம்பளக் கூட்டம், பில் போட ஒரு மணி நேரம் ஆகும். பத்தாம் தேதிக்கு மேல், வார நாளில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போ. சாப்பிடாமல் போனால் முறுக்கு பாக்கெட் எல்லாம் கூடவே வந்துவிடும்.

எண்ணெய் வாங்கும்போது கண்ணாடி போட்டுக்கொண்டு பார். ஒரு லிட்டர் 155 ரூபாய், பக்கத்திலேயே அதே உயரத்தில் இன்னொரு பாக்கெட் 138. அடடா என்று கை அங்கேதான் போகும். நானும் எடுத்துவிட்டேன். திருப்பிப் பார்த்தால் கீழே பொடி எழுத்தில் 850 மில்லி. கணக்குப் போட்டால் லிட்டர் 162 ரூபாய் ஆகிறது! பாக்கெட்டிலேயே ஒரு மில்லி என்ன விலை, ஒரு கிராம் என்ன விலை என்று போட்டிருப்பார்கள், அதை ஒப்பிட்டால் போதும்.

அரிசியை மட்டும் சூப்பர் மார்க்கெட்டில் வாங்காதே. அரிசி மண்டியில் 26 கிலோ மூட்டையாக வாங்கு. அதென்ன 26 என்கிறாயா? 2022 ஜூலையில் இருந்து, பெயர் அச்சடித்து அடைத்த அரிசி 25 கிலோ வரைக்கும் 5 சதவீதம் ஜிஎஸ்டி. அதற்கு மேலே வரி இல்லை. மில்காரர்கள் ஒரு கிலோவைச் சேர்த்துப் போட்டு மூட்டையைத் தைத்துவிட்டார்கள். யாருக்கு வரும் இந்த மூளை!

பில்லைக் கடையிலேயே நின்று சரிபார். எங்கள் பக்கம் ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) அலமாரியில் துவரம்பருப்பு ஒரு விலை, பில்லில் பதினெட்டு ரூபாய் கூட. கேட்டால் “ஆஃபர் நேற்றோடு முடிஞ்சிருச்சு சார், அட்டையை எடுக்க மறந்துட்டாங்க” என்றான் அந்தப் பையன். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஆனால் அன்றைக்கு எத்தனை பேர் கேட்காமல் போனார்களோ.

தெருமுனைக் கடையையும் விட்டுவிடாதே. ராத்திரி ஒன்பது மணிக்குப் புளி தீர்ந்துபோனால் அண்ணாச்சிதான்.

வாராவாரம் போக வேண்டியது காய்கறிக்கு மட்டும். இங்கே நங்கநல்லூர் உழவர் சந்தை உனக்குக் கிட்டத்தான். விலையைப் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள், பேரமே வேண்டாம். ஏழரைக்கு மேல் போனால் நல்ல கீரை இருக்காது. வருகிற ஞாயிறு ஆறரைக்கு வந்துவிடு, இரண்டு பை எடுத்து வா, திரும்பும்போது வீட்டில் காபி. வரும்போது டப்பா ஏதாவது வேண்டுமா என்று லலிதாவைக் கேட்டுக்கொண்டு வா, மூடியோடு பதினொன்று சும்மா கிடக்கிறது.

உன்,
ரகு