ஜோடிச் சொல்லை எங்கே வைப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் மாணவர் பக்கத்தில் 'ஐதர் - ஆர்', 'நெய்தர் - நார்', 'போத் - அண்ட்', 'நாட் ஒன்லி - பட் ஆல்சோ' ஆகிய ஆங்கில இணைப்புச் சொற்களை அட்டவணையாகப் போட்டு, கோடிட்ட இடங்களை நிரப்பச் சொல்லியிருந்தீர்கள். எதற்கு எது ஜோடி என்பது பிள்ளைகளுக்கு ஒரே நாளில் மனப்பாடமாகிவிடும். மதிப்பெண் போவது முதல் சொல்லை எங்கே வைப்பது என்பதில்தான்.

'ஹி வென்ட் போத் டு தென்காசி அண்ட் குற்றாலம்' என்று எழுதுகிறார்கள். 'போத்' என்பதற்குப் பின் 'டு தென்காசி'. 'அண்ட்' என்பதற்குப் பின் வெறும் 'குற்றாலம்'. தராசுத் தட்டு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. 'டு போத் தென்காசி அண்ட் குற்றாலம்' என்றோ, 'போத் டு தென்காசி அண்ட் டு குற்றாலம்' என்றோ எழுதினால் சரி.

இதற்கான அளவுகோல் தமிழிலேயே இருக்கிறது. 'உம்' என்ற இடைச்சொல்லுக்கு நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்களில் ஒன்று எண்ணும்மை, அதாவது பலவற்றை எண்ணிச் சேர்ப்பது. 'தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் போனான்' என்று சொல்லிப் பார்த்தால், 'உம்' ஊர்ப் பெயர்களில்தான் ஒட்டுகிறது, வினையில் இல்லை. அந்தச் சொற்களை ஒட்டித்தான் ஆங்கில ஜோடியும் நிற்க வேண்டும். 'அல்வா மட்டுமல்ல, மிக்சரும் விற்றாள்' என்றால் 'ஷி சோல்டு நாட் ஒன்லி அல்வா பட் ஆல்சோ மிக்சர்'. 'அல்வாவை விற்றது மட்டுமல்ல, அவளே கிண்டவும் செய்தாள்' என்றால் 'நாட் ஒன்லி' வினைக்கு முன்னே போகும்: 'ஷி நாட் ஒன்லி சோல்டு அல்வா பட் ஆல்சோ மேட் இட்'.

'நெய்தர்' விஷயத்தில் தமிழ்ப் பழக்கம் காலை வாரும். 'அவனும் வரல, இவனும் வரல' என்று நாம் எதிர்மறையை வினையில் வைக்கிறோம். அதே நினைப்பில் 'நெய்தர் ராஜா நார் ரவி டிட் நாட் கம்' என்று எழுதினால் மறுப்பு இரண்டு முறை வந்துவிடுகிறது. 'நெய்தர் ராஜா நார் ரவி கேம்' போதும்.

வினை ஒருமையா பன்மையா என்பதை 'நார்', 'ஆர்' ஆகியவற்றுக்குப் பின் வரும் பெயர் முடிவு செய்யும். 'நெய்தர் த டிரைவர் நார் த பாசஞ்சர்ஸ் வேர் ஹர்ட்'. பெயர்களை இடம் மாற்றினால் 'வாஸ்'. 'போத் - அண்ட்' இரண்டு பேரைச் சேர்த்தால் எப்போதும் பன்மை. 'போத்' என்பதோடு 'அஸ் வெல் அஸ்' சேர்ப்பது பிழை.

'நோ சூனர்' என்பதற்குப் பின் 'வென்' போடுவதும் நம் பக்கத்துத் தேர்வுத்தாள்களில் சகஜம். 'சூனர்' ஒப்பீட்டுச் சொல். ஒப்பீட்டுக்கு 'தேன்' (than) தான் வரும். 'வென்' என்பது 'ஹார்ட்லி', 'ஸ்கேர்ஸ்லி' ஆகியவற்றுக்கு உரியது. 'நோ சூனர் டிட் த பஸ் ஸ்டாப் தேன் தே காட் இன்' என்பதில் 'டிட்' ஏற்கெனவே இறந்தகாலத்தைக் காட்டிவிட்டதால் 'ஸ்டாப்டு' கூடாது.

ஆகவே அடுத்த இதழிலிருந்து கோடிட்ட இடங்களைக் குறைத்து, முதல் சொல் இடம் தவறி நிற்கும் வாக்கியங்களைக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். விடையோடு, அது ஏன் தவறு என்று ஒரு வரியும் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
பாளையங்கோட்டை.