மூன்று மிஸ்ட் கோலுக்கு விளக்கம்

வாத்துக்கு,

நாங்கள் சுகம், நீங்களும் சுகம்தானே, பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த மூன்று மிஸ்ட் கோலுக்கும் காரணம் கேட்டு நீ ஏழு மெசேஜ் போட்டிருக்கிறாய். நானும் மூன்று கிழமையாக "பிறகு சொல்கிறேன்" என்று கடத்திக்கொண்டே வந்தேன். வொய்ஸ் அனுப்பலாம் என்றால் இவர் பக்கத்திலேயே இருக்கிறார், கேட்டால் சிரிப்பார். அதனால் எழுதுகிறேன், திட்டாமல் வாசி.

அன்றைக்கு இங்கே இரவு ஒன்று நாற்பது. டொரொண்டோவில் பின்னேரம் நாலு மணி இருக்கும். படுத்திருந்தவளுக்கு நெஞ்சுக்குள் மீன் துள்ளின மாதிரி ஒன்று. ஒரு துடிப்பு விட்டுப் போய் அடுத்தது தொம் என்று விழுந்தது, அப்புறம் இன்னொன்று. எழும்பி உட்கார்ந்து கழுத்தில் விரலை வைத்து எண்ணினேன், 96. திரும்ப எண்ணினேன், 112. எண்ண எண்ணக் கூடுகிறது! விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் எறும்பு ஊர்ந்தது. கதை முடிந்தது என்று போனில் அம்புலன்ஸ் இலக்கம் 1990ஐ அடித்துவிட்டேன், பச்சைப் பொத்தானைத்தான் அழுத்தவில்லை. ஏன் தெரியுமா? ஒழுங்கைக்குள் அம்புலன்ஸ் வந்தால் கீழ்வீட்டு அன்ரி பல்கனிக்கு வந்துவிடுவா, விறாந்தையில் மடிக்காத உடுப்பு ஒரு மலை கிடக்கிறது. சாகிறதை விட அது பெரிய வெட்கமாகத் தெரிந்தது. அதனால் உனக்கு அடித்தேன். நீ எடுக்கவில்லை, நல்ல சிநேகிதி. மூன்று மணிபோல எல்லாம் தானாக அடங்கிவிட்டது.

விடிந்ததும் ஓர் ஈசிஜி எடுத்தேன், ஒன்றுமில்லை என்றார்கள். மெஷின் பழசு மாதிரி இருந்ததால் இரண்டு நாள் கழித்து வேறு இடத்தில் இன்னொன்று. அதிலும் ஒன்றுமில்லை. இரண்டையும் சுருட்டி ஹேண்ட்பேக்குக்குள் வைத்துக்கொண்டு ஒபிஸுக்குப் போய் வந்தேன், பத்திரமாக, வீட்டு உறுதி மாதிரி. பிறகுதான் டொக்டரைப் பார்க்க இலக்கம் பதிந்து சனல் பண்ணினேன். ஆறு மணி என்றார்கள், எனக்கு 31ஆம் இலக்கம், அவர் வந்ததே ஏழே முக்காலுக்கு. அதற்குள் பக்கத்திலிருந்தவரின் வருத்தம் முழுவதையும் கேட்டு, அதில் பாதி எனக்கும் வந்துவிட்டது.

மனுஷன் நல்லவர், படம் கீறிக் காட்டினார். துடிப்பு ஒன்றும் தொலைந்து போகவில்லையாம். ஒன்று நேரத்துக்கு முந்தி வந்துவிடுகிறது, அதற்குப் பிறகு இதயம் கொஞ்சம் ஆறுதல் எடுத்து அடுத்ததைப் பலமாக அடிக்கிறது, நமக்கு அந்தத் தொம்தான் தெரிகிறது. நல்ல இதயத்திலும் இது வரும், நித்திரை குறைந்தால், கோப்பி தேத்தண்ணி கூடினால் அதிகமாக வரும் என்றார். ஒரு நாளைக்கு எத்தனை பிளேன்டீ என்று கேட்டார். ஆறு என்றேன். (எட்டு.) எறும்பு ஊர்ந்ததற்கும் நான்தான் காரணம்: பயத்தில் வேகவேகமாக மூச்சை விட்டால் இரத்தத்தில் கார்பன் டைஒக்சைட் குறைந்து விரலும் உதடும் விறைக்குமாம்.

இத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் ஆவணியில் கடைவாய்ப் பல் வீங்கினபோது தாடைக்குக் கீழே நெறி கட்டியிருந்தது. பல் சுகமாகிவிட்டது, நெறி மட்டும் பயறளவில் அங்கேயே இருந்தது. குளிக்கும்போது தொட்டேன். பஸ்ஸில் தொட்டேன். மீட்டிங்கில் யோசிக்கிற மாதிரி கையை வைத்துக்கொண்டு தொட்டேன். மூன்றாம் நாள் அந்த இடம் நோகத் தொடங்கியது. ஐயோ, இப்போது நோகவும் நோகிறதே என்று இன்னும் அழுத்தினேன். டொக்டர் பார்த்துவிட்டு, "நெறியால நோகேல்ல, உங்கட விரலாலதான் நோகுது" என்றார். இவருக்கு அன்று முழுக்கச் சிரிப்பு. "என்ன, தவில் கச்சேரி முடிஞ்சுதா?" என்று இப்போதும் கேட்கிறார். மாமி வழக்கம்போல எல்லாவற்றுக்கும் கொத்தமல்லி அவித்துத் தருகிறா.

வாத்து, உனக்கு ஒன்று சொல்லவில்லை. 2017 டெங்கு ஞாபகம் இருக்கிறதா, நாடு முழுக்க ஒரு லட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் வந்ததே, அதில் சின்னவனும் ஒருவன். "காய்ச்சல், இப்ப பரவாயில்லை" என்று மட்டும் உனக்கு எழுதினேன். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. கடவுளே என்று சந்தோஷப்பட்டு அவனுக்குக் கஞ்சி வைத்தேன். அந்தப் பின்னேரம்தான் இரத்தத்தை உறையவைக்கிற பிளேட்லட் 28,000க்கு இறங்கிக் கை கால் குளிர்ந்தது. டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம் என்று வார்டில் வைத்துத்தான் எனக்குத் தெரியும். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு ரிப்போர்ட், கொப்பி மட்டையில் நான் எழுதின எண்கள் இன்னும் அலுமாரியில் கிடக்கின்றன. அவன் இப்போது என்னைவிட உயரம். எனக்குத்தான் "ஒன்றுமில்லை" என்று யார் சொன்னாலும் வயிற்றைக் கலக்குகிறது. நல்ல ரிப்போர்ட் கையில் வந்த அன்றுதான் அதிகம் தேடுகிறேன்.

இதை டொக்டரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. நடந்தால், படி ஏறினால் நெஞ்சு நொந்தால், மயங்கி விழுந்தால், கட்டி கல்லு மாதிரி இறுகி வளர்ந்தால், காரணமில்லாமல் மெலிந்தால், காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் வரட்டாம். மற்ற எதற்கும் இரண்டு கிழமை பொறுக்க வேண்டும், போனில் தேடக்கூடாது. தொடவேண்டும் போல இருந்தால் பத்து நிமிஷம் தள்ளிப் போட்டு, பிறகும் வேண்டுமென்றால் தொடலாம். அப்படியும் அடங்காவிட்டால் கதைத்துக் கதைத்தே பழக்குகிற சிகிச்சை இருக்கிறது, அனுப்புகிறேன் என்றார். உடனே அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வந்தது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரை வைத்து எத்தனை பேரை நக்கலடித்தோம் என்று யோசித்துப் பார்.

கலண்டரில் புள்ளி போடுகிறேன். முதல் நாள் 43 தடவை தொட்டிருக்கிறேன், நேற்று 11. இதை எழுதும்போது இரண்டு.

உன் முதுகு நோ எப்படி? நீ போனில் ஒன்றும் தேடாதே, என்ன செய்கிறது என்று எனக்கு விவரமாக எழுது. வேண்டாம், எனக்கும் எழுதாதே.

பூனை